ஒரு வாளி, நான்கு வலது கைகள்

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.20-க்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டு 5.45-க்கு நிறுத்தினேன். 6 மணிக்குக் காபி. 6.15-லிருந்து 7 வரை நடை. சரவணப் பொய்கை வரை போய்த் திரும்பும்போது பால் பாக்கெட் இரண்டு. 7.30-க்கு இட்லி, நான்கு. 8 முதல் 9 வரை செய்தித்தாள். 9.15-க்குக் குளியல். 10.30-க்கு நேராக என் நாட்குறிப்பில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: கலை.

அதற்குக் கீழே, ஓரத்தில் ஒரு பென்சில் கிறுக்கலைத் தவிர, அன்றைய பக்கம் காலி. இருபத்தொன்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட வெப்பநிலையையாவது எழுதியிருக்கிறேன். அந்த ஒரு நாள்தான் பாதியில் நிற்கிறது. மாலையில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடிவிட்டேன். அன்று எழுதாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஒழுங்கான ஆள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கான ஆட்கள் சின்னத் தவறு செய்வதில்லை. அவற்றைத் தவிர்க்கத்தான் எங்களிடம் பட்டியல்கள் இருக்கின்றன. நாங்கள் தவறு செய்தால் அது பட்டியலைத் தாண்டிய அளவில் இருக்கும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். எங்கள் ஆய்வகச் சுவரில், 'லேபிளைப் பாட்டிலின் மேல் ஒட்டவும், மூடியில் ஒட்டாதீர்' என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கும். எழுதியது நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (நான் வைத்துக்கொள்ளவில்லை.)

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மனைவி வசந்தா. மூத்தவள் ஹேமா, நர்ஸ் படிப்பு முடித்தவள். இளையவள் ரேவதி, அப்போது பிளஸ் டூ. ஹேமாவுக்கு ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலை ரேணிகுண்டாவில் ரயில், புதன்கிழமை காலை வேலையில் சேர வேண்டும். முதல் வேலை. எங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போகும் முதல் ஆளும் அவள்தான்.

இந்த விஷயத்தில் நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், நாட்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. 'ஹேமா: ரயில் டிக்கெட் உறுதி. இருக்கை ஜன்னலோரம்' என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே வாரத்தில், ஒரு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ரேவதி தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு குடும்பம் மொத்தமும் கை கோத்து, ஒரு வாளியில் இருக்கிற கூழுக்குள் கையை விடுகிறது. கூழ் இறுகி அல்வா போல ஆனதும் கையை உருவிக்கொள்கிறார்கள். உள்ளே கைகளின் வடிவத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் வேறொரு மாவைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டு, அல்வாவைப் பிய்த்து எடுத்தால், கோத்த கைகள் அப்படியே வெள்ளைச் சிலையாக நிற்கின்றன.

"நாமளும் செய்யலாமா நைனா?" என்றாள் ரேவதி. நான் எதற்கும் உடனே சரி என்று சொல்பவன் அல்ல. அன்று சொன்னேன். வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சாமான் வியாழக்கிழமை பார்சலில் வந்தது. குடும்ப அளவு. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பைகள்: அச்சு எடுக்கும் தூள் ஒன்று, சிலை வார்க்கும் தூள் ஒன்று. இரண்டும் வெள்ளை. பையிலிருந்து நேராகக் கொட்டினால் சிந்தும். எனவே சனிக்கிழமை மாலை இரண்டையும் ஒரே அளவான இரண்டு வெள்ளை டப்பாக்களுக்கு மாற்றினேன். ஒன்றின் மேல் '1. அச்சு', மற்றதன் மேல் '2. வார்ப்பு' என்று லேபிள் எழுதி ஒட்டினேன். எங்கே ஒட்டினேன்? மூடியில்.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. எங்கள் சமையலறை டப்பாக்கள் இழுப்பறைகளில் இருக்கின்றன. இழுத்தால் மேலிருந்து மூடிதான் தெரியும். உடம்பில் ஒட்டினால் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற இடத்தில் ஒரு சட்டம், வீட்டில் ஒரு சட்டம் என்று எனக்கும் இரண்டு வாழ்க்கை. வசந்தா கல்யாணமான புதிதிலிருந்தே இதை எதிர்த்துவந்தாள். (ஒரு தீபாவளிக்கு ரவா லட்டு உப்புக் கரித்தது. அதை நான் தற்செயல் என்று நாட்குறிப்பில் பதிந்திருக்கிறேன்.)

சனிக்கிழமையே முன்னேற்பாடுகள் எல்லாம் முடிந்தன. ஐந்து லிட்டர் நீல வாளியில் நான்கு கைகள் சேர்ந்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? வாளியைத் தளும்பத் தளும்ப நிரப்பி, நால்வரும் கை கோத்து உள்ளே விட்டு, வழிந்த தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்து அளந்தேன்.

"இன்னாங்க இது, கையி கழுவறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள் வசந்தா.

பிறகு கைகள் எப்படிக் கோக்கப்பட வேண்டும் என்று நாட்குறிப்பில் ஒரு படம் வரைந்தேன். மேலே என் கை, அதைப் பிடித்து வசந்தாவின் கை, இவற்றுக்கு நடுவே ஹேமா, பக்கவாட்டில் ரேவதி. யாருடைய விரல் வாளியின் அடியிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில், ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்று அளந்து குறித்தேன். ரேவதி அதைப் பார்த்து, "நைனா, இது கலையா, கெணறு வெட்டறதா?" என்று கேட்டாள். நான் அவள் கட்டை விரலை அளந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு 10.30. கூடத்தின் நடுவில் முக்காலி, அதன் மேல் வாளி. இடையூறு கூடாது என்று வாசற்கதவை மேல் தாழ்ப்பாள் போட்டேன். நான்கு போன்களையும் சத்தம் நிறுத்தி, உள்ளறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் இடது சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு இரண்டு டப்பாக்களையும் திறந்து, மூடிகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டு தூளின் பண்புகளைப் பற்றி ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன். பன்னிரண்டு நிமிடம். நடுவில் பால் பொங்கும் வாசனை வர, நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்து மூடிகளை எடுத்து டப்பாக்களை மூடினேன்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் குற்றம் நடந்த இடம். அப்போது யாருக்கும் தெரியாது.

எண் 1 டப்பாவைத் தூக்கியபோது அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கவனித்தேன். நாட்குறிப்பில் ஓரத்தில் 'எண் 1 கனம்' என்று பென்சிலால் எழுதவும் செய்தேன். எழுதிய பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஒன்றை எழுதிவிட்டால் அது கவனிக்கப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

வசந்தா இதற்குள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, தன் கையிலும் பெண்கள் கையிலும் முழங்கை வரை வழிய வழியப் பூசிவிட்டாள்.

"செய்முறையில் 'கைகள் உலர்ந்திருக்க வேண்டும்' என்று இருக்கிறது" என்றேன்.

"பலாப்பழம் வெட்டறதுக்கு மின்ன எண்ணெ தடவறதில்லயா? பிசுக்குன்னு ஒன்னுல கையி வுடறதுன்னா எண்ணெ தடவிக்கினுதான் வுடணும். நீங்களும் நீட்டுங்க."

"எனக்கு வேண்டாம். ஒருவராவது முறைப்படி செய்வோம்."

மூன்று லிட்டர் தண்ணீரில் எண் 1-ஐக் கொட்டிக் கலக்கினேன். நால்வரும் வலது கைகளைக் கோத்து உள்ளே விட்டோம். படத்தில் இருந்தபடியே, அரை அங்குலம்கூடப் பிசகாமல்.

"நைனா, வீடியோல இது கேசரி மாதிரி கெட்டியா இருந்துச்சு. இது மோர் மாதிரி இருக்குது" என்றாள் ரேவதி.

"லேபிள் என்ன சொல்லுது?"

"அச்சுன்னு."

"அவ்வளவுதான்."

செய்முறைப்படி ஆறு நிமிடத்தில் இறுக வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆறு நிமிடம் ஆனது. இன்னும் மோர்தான்.

"எடுத்துடலாங்க. வேற எப்டியாவது பண்ணிக்கலாம்" என்றாள் வசந்தா.

"யாரும் அசையக் கூடாது. அசைந்தால் அச்சில் விரிசல் விழும்."

பத்து நிமிடம். இட்லி மாவுப் பதம். பதினைந்து. வாளியின் ஓரத்தில் லேசாகப் படிந்தது. இப்போது யோசித்தால், கையை எடுக்க எங்களுக்குக் கால் மணி நேரம் முழுதாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் யாராவது ஒருவர் எடுக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் தடுத்தேன். ஹேமா மட்டும் கையை எடுக்கக் கேட்கவில்லை. அவள் விரல்கள் என் விரல்களைப் பிடித்திருந்தன. அவள் கையை நான் கடைசியாக அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது. கடிகாரம் மெதுவாக ஓடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இருபத்திரண்டாம் நிமிடம் ரேவதி சொன்னாள்: "நைனா, சுடுது."

"வெப்ப உமிழ் வினை" என்றேன்.

வாய்தான் முதலில் சொன்னது. மூளை அதற்குப் பிறகு வந்தது. அச்சுத் தூள் சூடாகாது. இறுகும்போது சூடாவது வார்ப்புத் தூள். அதாவது பாரிஸ் சாந்து. இதைப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் செய்து காட்டும்போது பக்கத்தில் நின்று கிண்ணம் பிடிப்பவன் நான். அதை ஒவ்வொரு வருடமும் மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்பவனும் நான்.

"கையை மெதுவாக உருவுங்கள்" என்றேன். யாருடைய கையும் வரவில்லை. வாளிதான் மேலே வந்தது.

சாலையில் மலைக்கோயிலுக்குப் போகும் வேன்களின் ஹாரன் கேட்டது. வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் ஒரே முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

"இன்னா பண்ணி வச்சீங்க?"

"டப்பா மாறிவிட்டது போலிருக்கிறது."

"தானா மாறிச்சா?"

ஹேமாதான் பேசினாள். நிதானமாக, ஒரு வார்டில் பேசுவது போல. "எலும்பு முறிஞ்சவங்களுக்குக் கட்டு போடறப்ப இப்படித்தான் சூடாவும். கொஞ்ச நேரத்துல எறங்கிடும். ஆனா அங்க உள்ள பஞ்சு வச்சிருப்போம் நைனா." வாளிக்குள் பார்த்தாள். "எவ்ளோ சூடாவும் இது?"

எனக்கு அந்த எண் தெரியும். அது தோல் தாங்கும் எண் அல்ல. கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எனக்கு பொதன்கெழம ஜாயினிங்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சும்மா நினைவுபடுத்துவது போலச் சொன்னாள். அவள் வேலையே வலது கையில்தான். ஊசி போடுவது, நாடி பிடிப்பது, எல்லாம். அந்தக் கை இப்போது என் முன்னேற்பாட்டுக்குள் இருந்தது.

போன்கள் பீரோவில். பீரோ உள்ளறையில். உள்ளறைக் கதவு குறுகல். வாளியோடு நாலு பேர் நுழைய முடியாது. வாசற்கதவு பதினான்கு அடி தூரத்தில், மேல் தாழ்ப்பாளோடு. போகலாம் என்று முடிவு செய்தோம்.

நாலு பேர் நாலு திசையைப் பார்த்து, வலது கை வாளிக்குள், இடது கை வாளி விளிம்பில். முன்னால் போகிறவர் யார் என்பதில் தகராறு. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒருவர் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. அது நான். (நியாயம்தான்.) ரேவதி, "லெஃப்ட், ரைட்" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றால் ஆளுக்கொரு லெஃப்ட் என்பது மூன்றாவது அடியில் தெரிந்தது. நாற்காலி ஒன்று விழுந்தது. வசந்தா என் காலை மிதித்தாள். அது தவறுதலாக இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியை நான் பல முறை ஏறியிருக்கிறேன். அந்தப் பதினான்கு அடி அதைவிட நீளம்.

இடது கையால் எட்டித் தாழ்ப்பாளை இழுத்தேன். எதிர் வீட்டு வாசலில் காதர் பாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு உள்கூரை வேலை செய்பவர்; இதே சாந்தில் பூவும் கொடியுமாக வார்த்து ஒட்டுவார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், குடும்பத்தோட வாளி தூக்கிகினு எங்க கெளம்பிட்டீங்க?"

"பாய், கை மாட்டிகிச்சு. கொஞ்சம் வாங்க" என்றாள் வசந்தா.

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் மேல்பரப்பைக் கீறினார். விரலை முகர்ந்தார். அதன் பிறகு சிரிப்பு போய்விட்டது. "எவ்ளோ நேரமாச்சு?"

"உள்ளே விட்டு இருபத்தெட்டு நிமிடம். சூடு ஆரம்பித்து ஆறு."

"தண்ணி எவ்ளோ ஊத்துனீங்க?"

"மூன்று லிட்டர்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "இதுக்குப் பாதி போதும் சார். தண்ணி அம்மாம் ஊத்துனதாலதான் தப்பிச்சீங்க. அளவா ஊத்தியிருந்தா இன்னேரம் கல்லு. கையி வெந்திருக்கும். இது வெறும் சுண்ணாம்புக் கட்டி மாதிரிதான். ஒடச்சிடலாம்." வாழ்க்கையில் முதல் முறையாக என் அளவு தவறாக இருந்ததற்காக ஒருவர் என்னைப் பாராட்டினார்.

எங்களைத் தெருக்குழாயடிக்கு நகர்த்திக்கொண்டு போய் வாளி மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். சூடு மெல்ல இறங்கியது. வீட்டிலிருந்து ஆக்சா பிளேடும் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து முதலில் பிளாஸ்டிக் வாளியை இரண்டாக அறுத்து உரித்தார். உள்ளே வாளி வடிவத்தில் ஒரு வெள்ளைக் கட்டி. அதன் மேலிருந்து நாலு முழங்கைகள் கிளம்பின. தெருவில் கூட்டம் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் போகும் வேன் ஒன்று நின்று, உள்ளே இருந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாய் உளியைக் கட்டியின் மேல் வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார். "அடிக்கலாம். ஆனா உள்ள யாரு வெரலு எங்க இருக்குதுன்னு தெரியலையே. பாப்பா வெரலு மேல எறங்கிச்சின்னா?"

ஹேமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நைனாவோட டைரி" என்றாள் ரேவதி.

பாயே உள்ளே போய், முக்காலி பக்கத்தில் கிடந்த நாட்குறிப்பை எடுத்து வந்தார். படத்தைத் திறந்து கட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வொரு விரலும், அடியிலிருந்து எத்தனை அங்குலம், ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம். அதற்குள் இருந்த பென்சிலை எடுத்து, என் அளவுகளைக் கட்டியின் மேல் ஒவ்வொன்றாகக் குறித்தார். "இந்தப் பக்கம் மூணு இஞ்சு யாரும் இல்ல. இங்க ரேவதி கட்டை வெரலு. இங்க அடிக்கக் கூடாது." நிமிர்ந்து, "சார், இதெல்லாம் எதுக்கு எழுதி வச்சீங்க?" என்று கேட்டார்.

"சும்மா" என்றேன். வசந்தா முதல் முறையாகத் திட்டாமல் பார்த்தாள்.

பிளேடால் பென்சில் கோட்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் அறுத்தார். உளியை வைத்து மூன்று தட்டு, சுத்தியலின் கனத்தாலேயே. நான்காவது தட்டில் கட்டி, வேகவைத்த முட்டை பிளப்பது போல, சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

வசந்தாவின் கை வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது ரேவதி. மூன்றாவது ஹேமா. கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவள் யாரையும் பார்க்காமல் கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள். பிறகு நகத்தை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். ஐந்து விரலுக்கும் பார்த்தாள். "ஒன்னுமில்ல. நல்லா இருக்குது" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அதுவரை விட்டேனா என்பதற்குப் பதிவு இல்லை.

நான்காவது கை வரவில்லை. முறைப்படி உலர்ந்திருந்த கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருந்த முடியெல்லாம் சாந்தில் பதிந்திருந்தது.

"எண்ணெ தடவலியா சார்?" என்றார் பாய்.

"செய்முறையில இல்லயாம்" என்றாள் வசந்தா.

"அப்ப ஒரே இழு. கண்ண மூடிக்கங்க."

நான் எழுப்பிய சத்தத்தைப் பற்றித் தெருவில் பல கருத்துகள் இருக்கின்றன. அவை மிகைப்படுத்தப்பட்டவை. முடி பாதிக்கு மேல் சாந்திலேயே தங்கிவிட்டது.

உள்ளே வந்ததும் ரேவதி நேராக '2. வார்ப்பு' என்று மூடி போட்டிருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். பார்சலைப் பிரிக்கும்போதே அச்சுத் தூளில் புதினா வாசனை வந்ததும், அதை நானே வியாழக்கிழமை நாட்குறிப்பில் எழுதியதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டப்பாவை என் மூக்கருகே நீட்டினாள். புதினா.

"லேபிள் இன்னா சொல்லுது நைனா?" என்றாள்.

ஹேமாதான் முதலில் சிரித்தாள். சிவந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வசந்தா சிரித்தபடியே அழுதாள், அல்லது அழுதபடியே சிரித்தாள். நான் நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டியின் இரண்டு பாதிகளையும் தூக்கிப் போடலாம் என்றுதான் நான் சொன்னேன். பாய் தடுத்தார். "பாருங்க சார், ரேகை வரைக்கும் விழுந்திருக்குது. நான் வார்த்தாகூட இவ்ளோ சுத்தமா வராது." உண்மைதான். பாதிகளைத் திறந்து வைத்தால் நாலு கைகள் கோத்துக்கொண்டிருந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. எந்த விரல் யாருடையது என்று சொல்லிவிடலாம். என் பள்ளம் எது என்று அடையாளம் காட்ட வேண்டியதே இல்லை, முடி இருக்கிறது. இன்றும் கூடத்து ஷோகேஸில் இருக்கின்றன. யாராவது வந்து இது என்ன என்று கேட்டால் வசந்தா, "எங்க வீட்டுக்காரரு பண்ண சிலை. உள்பக்கமா பண்ணிட்டாரு" என்பாள்.

"லேபிள் இன்னா சொல்லுது?" என்பது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. குழம்பில் காரம் அதிகமானால், நான் பேருந்தின் பலகையைப் பார்த்துச் சரியான வண்டி என்று அடித்துச் சொன்னால், ஹைதராபாத்திலிருந்து ஹேமா பேசும்போது நான் மருந்து விஷயத்தில் அவளுக்கே அறிவுரை சொன்னால். காதர் பாய் மட்டும் மரியாதை தெரிந்தவர். தண்ணீர் ஊற்றும் அளவு பற்றிச் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பதாகவும், நான் சொல்வதில் பாதி ஊற்றுவதாகவும் எல்லோரிடமும் சொல்கிறார்.

மறுநாள், ஜூன் 24, திங்கட்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. காபி போடவில்லை. முதல் வேலையாக லேபிள்களை மூடியிலிருந்து உரித்து டப்பாவின் உடம்பில் ஒட்டிவிட வேண்டும், வசந்தா எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சமையலறைக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹேமா தரையில் உட்கார்ந்திருந்தாள். இழுப்பறைகள் எல்லாம் திறந்து, டப்பாக்கள் அவளைச் சுற்றி வரிசையாக இருந்தன. வலது கை ஆள்காட்டி விரல் நகத்தால் மூடியிலிருந்து ஒரு லேபிளை ஓரம் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாள். நின்று அந்தக் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் வேலை செய்தன.

"போறதுக்கு மின்ன இத முடிச்சிட்டுப் போலாம்னு" என்றாள், நிமிராமல்.

எதிரில் உட்கார்ந்தேன். அவள் உப்பு என்று எழுதிய லேபிளை விரல் நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் மூடியைத் திறந்து, ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். அதன் பிறகு ஒட்டினோம்.